ஐஸ் கட்டியிலிருந்து ஆவி வரை: வெப்பம் பொருளின் நிலையை எப்படி மாற்றுகிறது என்று அடுப்படியிலேயே அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. தீயை இன்னும் கூட்டுகிறீர்கள். தண்ணீரின் சூடு கூடுமா?

பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். முக்கால்வாசிப் பேர் "கூடும்" என்பார்கள். பெரியவர்களைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நம் பேச்சில் "சூடு" என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அடுப்பு கொடுப்பதும் சூடு, தண்ணீரில் இருப்பதும் சூடு. பாடப்புத்தகம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அடுப்பு கொடுப்பது வெப்பம், தெர்மாமீட்டர் காட்டுவது வெப்பநிலை. கொடுத்த வெப்பமெல்லாம் வெப்பநிலையாக மாறிவிடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். திண்மம் திரவமாகும்போதும் திரவம் வாயுவாகும்போதும் அப்படி நடப்பதில்லை. வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், முள் மட்டும் நகராது.

இதை நம்புவதற்கு ஒரே வழி, நாமே அளந்து பார்ப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

முதலில் தேவையானவை

இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் நல்லது. அதில் வாட் எண் தெரியும், காற்றுக்குத் தீ அலைபாயாது. காஸ் அடுப்பிலும் செய்யலாம், ஆனால் ஆரம்பித்த பிறகு கடைசி வரை குமிழைத் தொடக்கூடாது. அப்புறம், அடி தட்டையான ஒரு எவர்சில்வர் பாத்திரம் (இண்டக்‌ஷனுக்கு ஏற்றதாக), கிராம் காட்டும் சமையல் தராசு, நீளமான கம்பி உள்ள டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர், நேரம் பார்க்கப் போன், ஒரு மரக்கரண்டி, எழுத நோட்டு.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மட்டும் வேண்டாம். அது 42 டிகிரியோடு முடிந்துவிடும். பழைய பாதரச வகையாக இருந்தால் உடைந்து பாதரசம் சிதறும், அது விஷம்.

பிள்ளைகளோடு செய்தால் அடுப்புப் பக்கம் நீங்கள் நில்லுங்கள். நோட்டையும் கடிகாரத்தையும் அவர்களிடம் கொடுங்கள்.

படி 1: ஐஸ் சூடாவதைப் பார்ப்பது

ஐஸ் என்றாலே 0 டிகிரி என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் −18 டிகிரியை ஒட்டி இருக்கும். உள்ளே இருக்கும் ஐஸும் அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கும்.

ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் நொறுக்கி, டம்ளரில் நிரப்பி, தெர்மாமீட்டரைச் செருகுங்கள். அடுப்பு வேண்டாம், மேசைமேல் வைத்தால் போதும். சட்டென்று செய்தால் −10 டிகிரிக்குக் கீழேகூட எண் தெரியும். அது மெல்ல ஏறும்: −8, −5, −2. ஐஸ் திண்மமாகவே இருந்தபடி சூடாகிக்கொண்டிருக்கிறது. 1 கிராம் ஐஸின் வெப்பநிலையை 1 டிகிரி கூட்ட ஏறத்தாழ 2.1 ஜூல் வேண்டும். திரவத் தண்ணீருக்கு 4.18 ஜூல், அதாவது இருமடங்கு.

0 வந்ததும் எண் நின்றுவிடும். பிள்ளைகள் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். கெடவில்லை. டம்ளரின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருப்பதைக் காட்டுங்கள்.

படி 2: உருகும்போது நிற்கும் எண்

இப்போது அடுப்புக்குப் போகலாம். பாத்திரத்தில் 400 கிராம் ஐஸும் 100 கிராம் குளிர்ந்த தண்ணீரும் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் அடி காய்ந்து, ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாக அளவு குழம்பிவிடும். நன்றாகக் கலக்கி எண் 0-க்கு வந்ததும் அடுப்பை 1000 வாட்டில் வையுங்கள். அதைவிடக் குறைத்தால் பல அடுப்புகள் விட்டுவிட்டு எரியும். அளப்பதற்கு அது சரிவராது.

கலக்கிக்கொண்டே இருங்கள், அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதுங்கள். இந்தப் படியில் கலக்குவதுதான் உயிர். விட்டுவிட்டால் அடியில் 10 டிகிரி, மேலே 0 டிகிரி என்று இருக்கும். ஒழுங்காகக் கலக்கினால் நோட்டில் 0, 0, 0, 1, 0, 1 என்று வரிசையாக விழும். எங்கள் வீட்டு அடுப்பில் இது 3 நிமிடம் நீடித்தது. கடைசித் துண்டு ஐஸ் கரைந்து மறைந்த அடுத்த நொடி எண் ஓட ஆரம்பித்தது.

அந்த 3 நிமிடமும் அடுப்பு கொடுத்தது எங்கே போயிற்று?

ஐஸுக்குள் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் பக்கத்தில் உள்ள நான்கு மூலக்கூறுகளோடு கைகோத்து, அசையாத ஒரு சட்டத்தில் நிற்கிறது. நின்ற இடத்திலேயே அதிரும், இடம் மாறாது. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் போல. எழுந்து நடமாட வேண்டுமென்றால் முதலில் அந்த வரிசை கலைய வேண்டும். கலைப்பதற்கு ஒரு விலை உண்டு. வரும் வெப்பம் அந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. மூலக்கூறுகளின் வேகம் கூடவில்லை. தெர்மாமீட்டர் அந்த வேகத்தைத்தான் காட்டும், பிடி தளர்வதை அது பார்க்காது. அதனால் எண் நிற்கிறது.

1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். அதே 334 ஜூலைத் தண்ணீருக்குக் கொடுத்தால் 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறிவிடும்! கை வைக்க முடியாத வெந்நீராக்கும் அளவு வெப்பம், வெறுமனே கட்டியைத் தண்ணீராக்குவதில் தீர்ந்துபோகிறது. இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம். இலங்கையில் மறை வெப்பம் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், நடப்பதை அப்படியே சொல்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை நாம் செய்வதைவிட எளிமையானது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உருகும் நிலையில் ஐஸ், மற்றதில் ஏறத்தாழ அதே குளிர்ச்சியில் தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய அறையில் தொங்கவிட்டார். தண்ணீர்க் குடுவை அரை மணி நேரத்தில் 7 ஃபாரன்ஹீட் டிகிரி ஏறி 40-ஐத் தொட்டது. ஐஸ் குடுவை அதே 40-க்கு வரப் பத்தரை மணி நேரம் ஆனது. அடுப்பில்லை, வாட் எண் இல்லை. அறையின் காற்று இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் வெப்பம் தந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 21 அரை மணிகள், ஒவ்வொன்றுக்கும் 7 டிகிரி, ஆக 147. அதில் உருகிய பிறகு தண்ணீர் 32-இலிருந்து 40-க்கு ஏறிய 8 டிகிரியைக் கழித்தால் 139. நம் செல்சியஸ் அளவில் அது 77 டிகிரி, அதாவது கிராமுக்கு 77 கலோரி (1 கிராம் தண்ணீரை 1 டிகிரி கூட்டும் வெப்பம் 1 கலோரி, ஏறத்தாழ 4.18 ஜூல்). இன்றைய மதிப்பு 80. தெர்மாமீட்டரையும் பொறுமையையும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

படி 3: தண்ணீர் சூடாகும்போது அடுப்பை அளந்துகொள்வது

இந்தப் படி கண்ணுக்குச் சாதாரணமாக இருக்கும், எண் நேராக ஏறும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த படிக்கான கணக்கு இங்கேதான் கிடைக்கிறது.

20 டிகிரியிலிருந்து 60 டிகிரி வர எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 500 கிராம், 40 டிகிரி, 4.18 ஜூல்; பெருக்கினால் 83,600 ஜூல். எனக்கு 110 நொடி ஆனது. வகுத்தால் நொடிக்கு 760 ஜூல், அதாவது 760 வாட். அடுப்பு 1000 என்று காட்டினாலும் தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது 760-தான். மிச்சம் பாத்திரத்துக்கும் காற்றுக்கும் அடுப்பின் உள்சூட்டுக்கும் போய்விட்டது. உங்கள் எண் வேறாக இருக்கும், உங்களுடையதையே பயன்படுத்துங்கள்.

படி 4: கொதிக்கும்போது மீண்டும் நிற்கும் எண்

கொதி வந்ததும் எண் 100-ஐ ஒட்டி நிற்கும். 99 என்றோ 101 என்றோ காட்டினால் தெர்மாமீட்டரின் குறை, அல்லது உங்கள் ஊர் உயரத்தில் இருக்கிறது. இப்போது அடுப்பை 1600 வாட்டுக்கு உயர்த்திப் பாருங்கள். குமிழி கூடும், சத்தம் கூடும், ஆவி கூடும், எண் கூடாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கண்முன்னே கிடைத்துவிட்டது. இதனால்தான், உலை கொதித்த பிறகு தீயைக் குறைத்துச் சிம்மில் வைத்தாலும் அரிசி அதே நேரத்தில் வேகும். கொதி நிற்காமல் இருந்தால் போதும். கூட்டி எரிக்கும் காஸெல்லாம் ஜன்னல் வழியாக ஆவியாகப் போவதுதான்.

பார்த்துவிட்டு மீண்டும் 1000 வாட்டுக்கே வாருங்கள். பாத்திரத்தை எடுத்து எடை பாருங்கள். தராசின்மேல் முதலில் ஒரு மரப்பலகையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுட்ட பாத்திரம் தராசின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பிறகு அடுப்பில் வைத்து, கொதி திரும்பியதிலிருந்து சரியாக 10 நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி எடை பாருங்கள். எனக்கு 190 கிராம் குறைந்திருந்தது.

760 வாட், 600 நொடி, ஆக 4,56,000 ஜூல். 190-ஆல் வகுத்தால் கிராமுக்கு 2,400 ஜூல். புத்தகத்தில் இருக்கும் மதிப்பு ஏறத்தாழ 2,260. ஆறு சதவீதம்தான் வித்தியாசம். உங்களுக்கு 2,500 வந்தாலும் சோர்ந்துபோக வேண்டாம். படி 3-இல் அடுப்பை அளந்தபோது பாத்திரம் சராசரியாக 40 டிகிரியில் இருந்தது; அதைவிட 100 டிகிரிப் பாத்திரம் சுற்றியுள்ள காற்றுக்கு அதிக வெப்பத்தை இழக்கிறது. நம் கணக்கில் அது சேரவில்லை. அதனால்தான் விடை கொஞ்சம் கூடுதலாக வருகிறது. தவறு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், சோதனை உங்கள் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

உருகுவதற்கு 334, ஆவியாவதற்கு 2,260. ஏன் இவ்வளவு வித்தியாசம்? உருகும்போது பந்தி வரிசை கலைந்தது, ஆனால் எல்லோரும் மண்டபத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆவியாகும்போது பிடிகள் முழுவதுமாக அறுந்து ஒவ்வொருவரும் தனித்தனியாக வெளியே போக வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில், 100 டிகிரியில் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,670 மடங்கு இடம் பிடிக்கும். மேலே அழுத்தும் காற்றைத் தள்ளி அவ்வளவு இடம் உண்டாக்கவும் கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது.

படி 5: வரைபடம்

கிடையாக நேரம், செங்குத்தாக வெப்பநிலை. நோட்டில் உள்ள புள்ளிகளை இணைத்தால் மாடிப்படி மாதிரி வரும்: ஒரு சமதளம், ஒரு ஏற்றம், இன்னொரு சமதளம். 500 கிராம் ஐஸை முழுக்க ஆவியாக்குவதாக வைத்துக் கணக்குப் பார்த்தால் உருக 1,67,000 ஜூல், 100 வரை சூடாக 2,09,000, ஆவியாக 11,30,000. மொத்தத்தில் முக்கால் பங்கு எண் அசையாத அந்தக் கடைசிச் சமதளத்தில்தான்.

சமதளம் இப்படித் துல்லியமாக வருவது தூய பொருளுக்குத்தான். தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். மார்கழியில் உறைந்த பாட்டிலை வெயிலில் வைத்தால் 24 டிகிரியை ஒட்டி உருக ஆரம்பிக்கும், ஆனால் ஒரே எண்ணில் நிற்காது. கொஞ்ச நேரம் கொழகொழவென்று இருக்கும். பலவகைக் கொழுப்புகளின் கலவை அது; ஒவ்வொன்றும் வேறு வேறு வெப்பநிலையில் உருகும். நெய்யும் அப்படித்தான்.

கொதிநிலை எல்லா இடத்திலும் 100 டிகிரி அல்ல

கொதிப்பது என்றால் திரவத்துக்குள்ளேயே ஆவிக்குமிழி உண்டாகி, வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்து நிலைத்து நிற்பது. வெளி அழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பநிலையிலேயே குமிழி நிற்கும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பிப் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் வேகாமல் இழுத்தடிக்கும். குக்கர் இதற்கு நேர் எதிர். வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல் இருமடங்காகி, தண்ணீர் 120 டிகிரி வரை திரவமாகவே இருக்கும்.

இதையும் கண்ணால் பார்க்கலாம். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். 60 டிகிரித் தண்ணீரை 4 மில்லி உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, முனையை மூடியால் இறுக அடைத்து, தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கும். விட்டால் நின்றுவிடும். நான் இதை எத்தனை முறை செய்து காட்டியிருந்தாலும் "இன்னொரு தடவை" என்ற குரல் வராமல் இருந்ததில்லை.

படி 6: கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

ஆவி மீண்டும் தண்ணீராகும்போது, விழுங்கிய 2,260 ஜூலையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இட்லி வேகுவது இப்படித்தான். கொதிக்கும் தண்ணீர் இட்லியைத் தொடுவதே இல்லை. ஆவி குளிர்ந்த மாவின்மேல் பட்டுத் தண்ணீராகிறது. அந்த நொடியில் விடும் வெப்பம் மாவுக்குள் இறங்குகிறது. 50 கிராம் மாவு வேக வேண்டிய சூட்டுக்கு வர, 5 கிராமை ஒட்டிய ஆவி போதும். தட்டை எடுக்கும்போது இட்லியின் மேல் மினுக்கும் ஈரத்தில் அதுவும் இருக்கிறது.

ஆவிக் காயம் வெந்நீர்க் காயத்தைவிட மோசமாக இருப்பதும் இதனால்தான். 100 டிகிரித் தண்ணீர் 1 கிராம் தோலில் பட்டு 37 டிகிரிக்கு ஆறினால் 264 ஜூல் விடும். அதே 100 டிகிரி ஆவி 1 கிராம் பட்டால் 2,520 ஜூலுக்கு மேல். ஒன்பது மடங்குக்கும் அதிகம். கெட்டில் மூக்கைக் கவனியுங்கள்: முனையிலிருந்து ஒரு விரற்கடை தூரம் ஒன்றுமே தெரியாது, அதற்கப்புறம்தான் வெள்ளைப் புகை. அந்த வெள்ளை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். உண்மையான ஆவி கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அங்கே விரலைக் கொண்டுபோக வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். குக்கர் மூடியை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறப்பதும் இதற்காகத்தான்.

படி 7: அடுப்பே இல்லாமல் நிலை மாறினால்

நிலை மாற வெப்பம் வேண்டும். யாரும் கொடுக்காவிட்டால் பொருள் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருப்பதிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டுக் கலக்குங்கள். ஐஸ் கடகடவென்று உருகும், எண் மட்டும் கீழே இறங்கும். எல்லாம் சரியாக அமைந்தால் −21 டிகிரி வரை போகலாம். வீட்டில் −10-ஐத் தாண்டினாலே நல்ல விளைவு. சின்ன டம்ளரில் சர்க்கரை போட்ட பாலை அதற்குள் வைத்துக் கிளறினால் குல்ஃபி தயார்.

மண்பானையிலும் இதே கதைதான், அங்கே உருகுவதற்குப் பதில் ஆவியாவது. தண்ணீர் ஆவியாக 100 டிகிரி வர வேண்டும் என்பதில்லை. மேற்பரப்பில் வேகமாக இருக்கும் மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையிலும் தப்பிப் போகும். 10 லிட்டர்ப் பானையில் 100 மில்லி கசிந்து ஆவியானால், எடுத்துக்கொள்ளும் வெப்பம் மிச்சத் தண்ணீரை ஏறத்தாழ 6 டிகிரி குளிர்விக்கப் போதும். காற்று ஈரமாக இருந்தால் ஆவியாவது தடைப்படும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தைவிட மதுரையின் காய்ந்த வெயிலில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வதும், புழுக்கத்தில் வேர்வை வழிந்தும் உடம்பு ஆறாமல் தவிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

திரவமாகாமலே நேராக வாயுவாவதும் உண்டு, பதங்கமாதல் என்பார்கள். பூஜை அலமாரியில் உள்ள கற்பூர டப்பாவைத் திறந்து மூடியின் உட்புறம் பாருங்கள். கற்பூரத்திலிருந்து போன ஆவி அங்கே மீண்டும் பொடிப்பொடிப் படிகமாக ஒட்டியிருக்கும்.

கடைசியாக, சிலிண்டர்

அடுப்படியிலேயே இருக்கும் இன்னொரு சோதனைச் சாலை 14.2 கிலோ சிலிண்டர். உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாக அடைபட்ட புரொப்பேனும் பியூட்டேனும். அடுப்பைப் பற்றவைத்ததும் மேலே உள்ள வாயு வெளியேறும், அழுத்தம் இறங்கும், கீழே உள்ள திரவம் ஆவியாகி அதை ஈடுகட்டும். ஆவியாக வேண்டிய வெப்பத்தை அது இரும்புச் சுவரிலிருந்து எடுக்கிறது. அதனால் நிறைய நேரம் எரித்தால் சிலிண்டரின் கீழ்ப்பகுதி சில்லென்று இருக்கும். ஓட்டல்களில் பெரிய அடுப்புக்கு மளமளவென்று காஸ் இழுக்கும்போது வெளியே வேர்த்து, சில நேரம் பனியே படியும். காஸ் வரத்து குறைகிறதே என்று சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், படுக்கப் போடுவார்கள். இரண்டுமே ஆபத்து, செய்யாதீர்கள். ஒரே சிலிண்டரை விரட்டாமல் இரண்டை இணைத்துப் பயன்படுத்துவதுதான் முறை.

வீட்டுச் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, ஈரத்துணியால் மேலிருந்து கீழ் வரை ஒரு பட்டையாகத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். திரவம் இல்லாத மேல்பாகம் அறைச் சூட்டுக்குச் சீக்கிரம் வந்து காய்ந்துவிடும். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்ப்பாகம் குளிர்ச்சியாகவே இருப்பதால் ஈரம் நிற்கும். ஈரம் முடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். அடுத்த வாரம் துடைக்கும்போது கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம்.